நன்றி மறவாத மாணவர் – தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர்

ஏட்டுச்சுவடிகளிலே மறைந்து கிடந்த பழந்தமிழ் நூல்களை அச்சிற் தந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1855ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி பிறந்த இவரது சொந்த ஊர் தஞ்சைப் பகுதியிலுள்ள உத்தமதானபுரம். தந்தையார் சங்கீத வித்துவான், வருவாயோ சொற்பம்.

1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாயூரத்தில் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் தாம் கடன்பட்டிருந்த காலத்திலும் மாணவருக்கு உணவளித்துக் கற்பித்தவர். சைவராகிய அவரிடம் இஸ்லாமியரான நாகூர் குலாம் காதிறு நாவலரும், கிறிஸ்தவரான சவரிராயலு நாயகரும் பாடங்கேட்டனர். 1876இல் ஆசிரியர் மறையும்வரை ஐயர் அவருடைய மாணவராகவே இருந்தார்.

1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, அந்தப் பதவியை ஐயருக்குப் பெற்றுக்கொடுத்தார். செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணவரே. ஆசிரியருக்குப் பட்ட கடனை அவருடைய இளைய மாணவருக்குச் செலுத்தினார். பின்னாளில் ஐயர் திருவல்லிக்கேணியிலிருந்த தமது இல்லத்துக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார்.

அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் ஐயரிடம் என்னென்ன நூல்கள் கற்றீர் என்று கேட்டார். ஆசிரியரிடம் கற்றவற்றையெல்லாம் ஐயர் வரிசையாகக் கூறினார். முதலியார் திருப்தியடையவில்லை, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஆசிரியரைக் குறைத்துவிட்டாரே என்று ஐயர் முகந்திருப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டார். சமண நூலாகிய அதன் பொருளறியச் சமணர் வீடுகளுக்கே சென்று கேட்டார். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை தொடர்ந்தன.

எண்பதை நெருங்கிய வயதில், 1933, 1934ஆம் ஆண்டுகளில், ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். 1942 ஏப்ரல் 28இல் மறைந்தார்.

நன்றி அவரைக் கண்மூடியாக்கவில்லை. எது சரி, யாரிடமும் எதைக் கற்கலாம் என்று தெளிவாகப் பார்க்கும் மனத்தையே கொடுத்தது.

புரோசார்டில் எமது பிள்ளைகள் பிரெஞ்சு மொழியில், வேற்று மதத்து ஆசிரியர்களிடம் படிக்கிறார்கள். அந்த ஆசிரியர்களையும் அவர்கள் நன்றியோடு நினைக்கட்டும். பெற்றோராகிய நாம், பட்ட கஷ்டங்களைச் சொல்லிச் சொல்லி நன்றியை வட்டியோடு அறவிட நினைக்கிறோம். கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்குத் தெரிந்தவரை, இந்தக் கடன் மட்டும் கொடுத்தவரிடமே திரும்பிவர வேண்டுமென்பதில்லை. அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்தாலும் கணக்குச் சரியே.