கல்லிலே இல்லாத வாசகம்

ஆக்ஸ்போர்டு நகரிலே, வால்டன் தெருவை ஒட்டிப் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. செயின்ட் செபல்கர் தோட்டம் என்று பெயர். மாதாகோயில் இடுகாடுகளிலே இடம் போதாமற் போய், 1848-இலே திறந்தார்கள். பட்டம் பெற்ற பேராசிரியரும் பாடுபட்ட ஏழையும் பக்கத்திலே பக்கத்திலே படுத்திருக்கும் இடம். அங்கேதான் இருக்கிறார் நமது போப்பையர், ஜி. யு. போப்!

1820-இலே பிரின்ஸ் எட்வர்டு தீவிலே பிறந்தவர். இன்று அது கனடாவின் மாகாணம். 1839-இலே, பத்தொன்பது வயது வாலிபராகத் தமிழகம் வந்தார். வந்தது மதம் பரப்ப, அதை மறைப்பானேன்? கொடுக்க வந்தவர், குறளிடம் மனத்தைப் பறிகொடுத்தார். சாயர்புரத்திலே பள்ளி, பிறகு தஞ்சை, பிறகு உதகை. மாணவரிடம் கண்டிப்பு மிக்கவர், சற்று அதிகமாகவே!

தாயகம் திரும்பி ஆக்ஸ்போர்டிலே தமிழும் தெலுங்கும் கற்பித்தார். மற்றவர் சாய்வு நாற்காலி தேடும் வயதிலே இவர் ஏடு தேடினார். 1886-இலே குறள் ஆங்கிலம் பேசிற்று. 1893-இலே நாலடியார். 1900-இலே, எண்பது வயதிலே, திருவாசகம்! கிறித்துவப் பாதிரியார், சைவப் பெரியாரின் பாட்டிலே ஆண்டுக்கணக்காக மூழ்கிக் கிடந்தார். 1908-இலே மறைந்தார்.

தமிழ் மாணவன் என்று தன் கல்லறையிலே பொறிக்கச் சொன்னார், அப்படியே பொறித்திருக்கிறது என்று எத்தனை மேடையிலே முழங்கியிருக்கிறோம்! கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். தோழர்களே, கல்லிலே அந்த வாசகம் இல்லை. அவர் பெயர், பார்த்த பணி, பிறந்த நாள், இறந்த நாள் இருக்கின்றன. கூடவே, இந்தக் கல்லை நாட்டியவர்கள் அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் என்ற செய்தி இருக்கிறது. கற்பனையைவிட இது குறைவா? அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதல்ல. நம்மவர் கடல் கடந்து செலுத்திய நன்றி! அதை விட்டுவிட்டு, இல்லாததைச் சொல்லி வந்தோம்.

1968-இலே, உலகத் தமிழ் மாநாட்டின்போது, சென்னைக் கடற்கரையிலே அவருக்குச் சிலை வைத்தோம். நல்லது. ஆனால் அவர் உறங்கும் தோட்டத்திலே புதரை வெட்டியவர் யார்? ஆக்ஸ்போர்டு நகரத்து ஆர்வலர்கள். சங்கம் அமைத்து, கல் கல்லாகப் படித்து, யார் எங்கே கிடக்கிறார் என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். போப்பையரையும் சேர்த்துத்தான். தமிழ் தெரியாதவர்கள் அவர்கள்!

இலண்டன் செல்லும் தோழர்கள் ஒரு பகல் ஒதுக்கி ஆக்ஸ்போர்டுக்கு இரயில் ஏறட்டும். மாலையோடு, அந்தச் சங்கத்தின் பராமரிப்புக்கு ஒரு சிறு தொகையும் கொண்டு போகட்டும். கல்லிலே உள்ளதைத் தமிழிலே எழுதிக்கொண்டு வரட்டும். அடுத்த கூட்டத்திலே நாம் அதைப் படிக்கிறோம்.