மக்களை எண்ணிய பெருமகன்

கிராமத்துப் பாடசாலையொன்றில் நான் ஆசிரியனாய் இருந்த காலத்தில், தை மாதந்தோறும் சேர்விடாப்பை விரித்து வைத்துப் புதிய பிள்ளைகளின் பெயரையும் பிறந்த திகதியையும் பதிவது என் கடமையாயிருந்தது. பெற்றோர் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை நீட்டுவர்; நான் பார்த்து எழுதுவேன். ஓராண்டு, போரினால் இடம்பெயர்ந்து வந்த ஒரு தாய் வெறுங்கையோடு நின்றாள். வீடு எரிந்தபோது பத்திரமும் எரிந்துவிட்டது. பிள்ளை அவள் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு என் முன்னே நிற்கிறது. ஆயினும் அது எங்கே, என்று பிறந்தது என்று சொல்ல அவள் கையில் ஒரு துண்டுக் கடதாசிதானும் இல்லை. சில வாரங்கள் கழித்துப் பதிவேட்டின் பிரதியொன்று அவளுக்குக் கிடைத்தது. ஊர் அழிந்தும் ஏடு அழியாதிருந்தது.

அந்த ஏடுகளை ஒழுங்கு செய்தவர் யார் என்று அறியும் ஆவல் அன்று எனக்கு உண்டாயிற்று. தேடிப் படித்தபோது சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயர் எதிர்ப்பட்டது. அவரை அரசியற் பெரியாராகவும், சைவ சித்தாந்தத்திலே தோய்ந்தவராகவும், பல்கலைக்கழகத்திற்காக வாதாடியவராகவும் நாம் போற்றுகிறோம். கொழும்பிற் பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் முன்னே நிற்கும் சிலையும் அந்த அரசியற் பெரியாரையே நினைவூட்டுவது. எனக்கோ, காரியாலயத்தில் அமர்ந்து இடாப்புகளைத் திருத்திய அருணாசலமே முதலில் நினைவுக்கு வருகிறார். அவருடைய பிற்கால அரசியலெல்லாம் அந்த மேசையிலிருந்து முளைத்ததென்பது என் துணிபு.

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், பொன்னம்பல முதலியாருக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் மகனாக, 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் அவர் பிறந்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவருக்கு மூத்தவர். பிற்காலத்தில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்புக் கலாசாலையிற் கற்று, புலமைப் பரிசில் பெற்று, 1870இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட்ஸ் கல்லூரி சென்றார். பின்னர் சட்டமும் பயின்றார். 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்கான போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தினார். திறந்த பரீட்சை எழுதி அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவரே.

வாயில் திறந்ததாயினும் உள்ளறைகள் திறக்கவில்லை. அக்காலச் சிவில் சேவையில் இரண்டு கிளைகள் இருந்தன. மாகாணங்களை ஆண்டு வரி திரட்டும் அதிகாரக் கிளை ஒன்று. நீதிமன்றக் கிளை மற்றையது. இலங்கையரைப் பெரும்பாலும் நீதிமன்றக் கிளையிலேயே நிறுத்திவைப்பது வெள்ளையரின் வழக்கம். அருணாசலமும் ஊர் ஊராக நீதவானாகவும் நீதிபதியாகவும் பணிபுரிந்தார். ஒரு மாகாணத்தின் அரசாங்க அதிபர் என்னும் பதவி அவருக்கு இறுதிவரை எட்டவேயில்லை. எனினும் அந்த நீதிமன்ற வாழ்வு வீண்போகவில்லை. காணி வழக்குகளால் குடிகள் எவ்வாறு அழிந்துபோகின்றனர் என்பதை அங்கேதான் அவர் நேரிற் கண்டார்.

1887ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஆதர் கோடன், மூத்த உத்தியோகத்தர் பலரைக் கடந்து, அருணாசலத்தைப் பதிவாளர் நாயகம் பதவியில் அமர்த்தினார். முணுமுணுப்பு எழாமலில்லை. அவர் பொறுப்பேற்ற திணைக்களமோ சீர்குலைந்து கிடந்தது. ஒரு காணியைப் பற்றிய முந்திய உறுதிகளைத் தேடியெடுக்கத் தக்க ஒழுங்கு இல்லை. ஒழுங்கில்லாத இடத்தில் வஞ்சகன் தழைப்பான். ஈட்டிலிருக்கும் காணியை ஈடில்லாததென்று விற்கலாம். ஒருவனுக்கு விற்றதை மற்றொருவனுக்கும் விற்கலாம். வாங்கிய ஏழை வழக்காடியே முதுமை எய்துவான். அருணாசலம் உறுதிகளை ஒழுங்குபடுத்தினார். தேடுவதற்கு அட்டவணைகள் அமைத்தார். கீழுள்ள உத்தியோகத்தர் கடமை தவறாதபடி மேற்பார்வையை இறுக்கினார். இவை மேடையிற் பேசுவதற்குரிய வீரச் செயல்களல்ல. ஆயினும் வேலிச் சண்டையில் வாழ்வைத் தொலைக்க இருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இவை காப்பாயின.

பிறப்பு இறப்புப் பதிவும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்பதிவை நாட்டிற் பரவச் செய்திருந்தது. அவர் காலத்தில், 1895இல், புதிய கட்டளைச் சட்டமொன்று அதனை மேலும் செம்மையாக்கியது. இதன் பயன் யாது என்று வாசகர் வினவலாம். காய்ச்சலால் எத்தனை பேர் இறந்தனர், எந்த மாவட்டத்திற் குழந்தைகள் மிகுதியாய் மடிகின்றன என்பதை அறியாத அரசாங்கம், எங்கே வைத்தியசாலை கட்டும்? எந்த ஊரின் நீரைச் சுத்திசெய்யும்? பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துயரம் ஏட்டிலே ஓர் எண்ணாக ஏறும்போதுதான் ஆட்சியாளனின் கண்ணுக்கு அது தென்படத் தொடங்குகிறது.

அவருடைய உத்தியோக வாழ்வின் சிகரம் 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பாகும். அவ்வாண்டு மார்ச் மாதம் 1ஆம் திகதி நாடெங்கும் மக்கள் எண்ணப்பட்டனர். தொகை 3,565,954. 1891இல் இருந்ததிலும் இது 558,165 மிகுதி. தென்னாபிரிக்கப் போரிற் சிறைபிடிக்கப்பட்டுத் தியத்தலாவையில் அடைக்கப்பட்டிருந்த போயர் கைதிகளும் அக்கணக்கெடுப்பிற்குத் தப்பவில்லை. 1902இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்த அறிக்கையில், நாட்டின் இனங்கள், மொழிகள், சமயங்கள் ஆகியவற்றின் வரலாற்றையும் அவர் எழுதிச் சேர்த்தார். எண்களுக்குப் பின்னே வாழும் மனிதரை ஆட்சியாளர் மறந்துவிடலாகாது என்ற கருத்தினாற் போலும்! இன்றும் அதனைப் புரட்டுவோர், ஓர் உத்தியோக அறிக்கையைப் படிக்கிறோம் என்பதை இடையிடையே மறந்துவிடுவர்.

1906இல் சட்டசபைக்கும் 1912இல் நிருவாக சபைக்கும் அவர் நியமனம் பெற்றார். அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு காரியத்தை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. 1911இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டசபைக்கு ஒருவரைத் தெரிவுசெய்யும் உரிமை முதன்முறையாக வழங்கப்பட்டது. வென்றவர் தமையனார் இராமநாதன். வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறக்குறைய 3,000 பேர்! முப்பத்தைந்து இலட்சம் மக்களை எண்ணிய ஒருவருக்கு அது எவ்வாறு தோன்றியிருக்கும்? ஏடு எவ்வளவு செம்மையாயிருப்பினும், அதிலுள்ள மக்களுக்கு ஆட்சியிற் பங்கில்லையேல் அது எசமானனின் கணக்குப் புத்தகமாகவே முடியும். 1913இல் அவர் உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்றார். ஓய்வு என்னும் சொல் அவர் மட்டிற் பொருந்தாது.

1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவிக் கொழும்பின் சேரிகளில் வாழ்ந்த ஏழைகளை நாடினார். 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளியை அக்காலத்துச் சட்டம் கடனாலும் சிறையாலும் கட்டிவைத்திருந்தது. கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்தாலன்றித் துண்டு கிடையாது. துண்டின்றி வேறு தோட்டம் செல்ல இயலாது. வேலையை விட்டோடினாற் சிறை. இக்கொடுமைக்கு எதிராக அருணாசலம் குரலெழுப்பினார். 1921இல் துண்டு முறையும் அச்சிறைத் தண்டனையும் ஒழிந்தன. பிறரும் அதற்காக உழைத்தனராயினும், தொழிலாளிக்காகப் பேச ஆளில்லாத நாளிற் பேசியவர் என்ற பெருமை அவருக்குண்டு.

1917 ஏப்ரலில் நாட்டின் அரசியற் தேவைகளைப் பற்றி அவர் ஆற்றிய உரை படித்தோர் உலகைத் தட்டியெழுப்பியது. அவ்வாண்டிலேயே இலங்கைச் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1919 டிசெம்பர் 11ஆம் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது அதன் முதற் தலைவராக அவரே அமர்ந்தார். தமிழரும் சிங்களவரும் ஒரே மேடையில் நின்றனர். யாழ்ப்பாணத்தவரின் ஐயத்தை அகற்றும் பொருட்டு, மேல் மாகாணத்திலே தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்குவதை ஆதரிப்பதாக ஜேம்ஸ் பீரிஸும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் 1918இல் எழுத்து மூலம் உறுதியளித்திருந்தனர். அந்த உறுதியை நம்பியே அருணாசலம் தம்மவரை அழைத்து வந்தார். காலம் வந்தபோது அது காக்கப்படவில்லை. 1921இல் அவர் காங்கிரஸை விட்டு நீங்கினார். 1923இல் தமிழருக்கெனத் தனி இயக்கம் ஒன்றை அமைத்தார்.

ஓர் ஆசனத்திற்காக அத்துணை பெரியவர் ஒற்றுமையை உதறலாமோ என்று கேட்போர் உளர். நானும் மாணவப் பருவத்தில் அவ்வாறு கேட்டவனே. இன்று என் எண்ணம் வேறு. எழுதிய எழுத்து எழுதியவனைக் கட்டும் என்ற நம்பிக்கையில் ஆயுளைச் செலவிட்டவர் அவர். காணி உறுதிக்கு உள்ள மதிப்பு அரசியல் உறுதிக்கு இல்லையாயின், ஆட்சிச் சீர்திருத்தம் என்பது எதன்மேல் நிற்கும்? இழந்தது ஓர் ஆசனத்தையல்ல, எழுத்தின் மேலிருந்த நம்பிக்கையையே என்பது அவருக்குப் புலனாகியிருக்க வேண்டும். தலயாத்திரையாகத் தமிழ்நாடு சென்றிருந்த வேளையில், 1924 சனவரி 9ஆம் திகதி, மதுரையில் அவர் உயிர் நீத்தார்.

பின்னர் நடந்தவற்றை அவர் காணவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோர் இந்நாட்டிற் பிறந்தனர் என்பதற்குச் சான்று கேட்டது. சான்று காட்ட இயலாத தோட்டத் தொழிலாளர் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். அக்குறை முற்றாகத் தீர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. 1981க்குப் பின் 2012 வரை வடக்கிலும் கிழக்கிலும் முழுமையான குடிசன மதிப்பு நடைபெறவில்லை. ஒரு தலைமுறை எண்ணப்படாமலே பிறந்து வளர்ந்தது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில், பிறப்புப் பதிவு உட்பட ஒவ்வொருவருக்கும் சட்டபூர்வமான அடையாளம் வழங்கப்படல் வேண்டும் என்பதும் ஒன்றாகும். நம் நாட்டில் அப்பணிக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தோள் கொடுத்த பெரியாரை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

அணை கட்டியவனுக்கும் பாதை அமைத்தவனுக்கும் கல்லிற் பெயர் பொறிப்பர். இடாப்பை ஒழுங்குசெய்தவனுக்கு அப்பேறில்லை. அந்தத் தாய் பிரதியோடு மீண்டும் வந்த நாளில், பிள்ளையின் பெயரைச் சேர்விடாப்பில் எழுதினேன். எழுதி முடியுமட்டும் அவள் என் பேனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, பெயர் ஏறிவிட்டதா என்று கேட்டு, ஏறிவிட்டதென்று அறிந்த பின்னரே பிள்ளையின் கையை விட்டாள்.