மந்தையைத் தேடிவந்த மேய்ப்பர்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர், இருமருங்கும் ஆழமற்ற கடலைக் கண்டவாறு வேலணைத் தீவின் வாயிலாக விளங்கும் அல்லைப்பிட்டியை அடைவர். பனைகள் நிறைந்த அவ்வூரிலே புனித பிலிப்பு நேரியார் பெயரால் ஒரு தேவாலயம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டிலே உரோமாபுரியின் தெருக்களில் ஏழைகளோடும் இளைஞரோடும் கலந்துறவாடி, மக்கள் இருக்குமிடமே குருவின் இடம் என்று வாழ்ந்து காட்டியவர் அப்புனிதர். அவர் வகுத்த ஒரத்தோரியன் சபையின் நெறியைக் கைக்கொண்ட ஒருவரே, ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரைத் தேடிக் கடல் கடந்து வந்தார். அவரே யோசேவ் வாஸ் முனிவர்.

அவர் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரிலே, கொங்கணி பேசும் குடும்பமொன்றிற் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் ஐரோப்பியத் துறவற சபைகள் சுதேசிகளைத் தம்முள் ஏற்பது அரிதாயிருந்தது. ஆதலின் கோவாவின் சுதேச குருமார் சிலர் தாமே ஒன்றுகூடி வாழத் தலைப்பட்டனர். 1685இல் அவர்களுடன் சேர்ந்த வாஸ் முனிவர், விரைவிலேயே அவர்களுக்குத் தலைவருமானார். பிலிப்பு நேரியாரின் நெறியே அக்கூட்டத்தாருக்கு ஒழுங்காயிற்று.

தலைமைப் பதவி கையில் இருந்தும் அவர் உள்ளம் இலங்கையையே நாடிற்று. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க மறையைத் தடைசெய்தனர், கோயில்களைத் தமதாக்கினர், கத்தோலிக்கக் குருமாரை மறைத்து வைத்தல் மரணதண்டனைக்குரிய குற்றமென விதித்தனர். மேய்ப்பரின்றி ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை. இறப்போருக்கு இறுதி ஆறுதல் இல்லை. ஆயினும் வீடுகளின் உட்புறத்தே செபமாலை உருண்டுகொண்டுதான் இருந்தது.

1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்ட முனிவர், யோவான் என்னும் ஒரே துணையாளருடன், கூலியாளின் கோலம் பூண்டு, தூத்துக்குடி வழியாக 1687இல் இலங்கைக் கரை சேர்ந்தார். கடற்பயணத்தின் இடரும் பசியும் அவரை வாட்டின. யாழ்ப்பாணம் வந்ததும் வயிற்றுக்கடுப்பு நோயால் சாகுந்தறுவாயை அடைந்தார். பிணி நீங்கியதும் பிச்சை ஏற்பவராய் வீடு வீடாகச் சென்றார். கழுத்திலே ஒரு செபமாலை. அதைக் கண்டவுடன் யாருடைய கண்களிற் பரிவும் ஏக்கமும் தோன்றுகின்றனவோ, அவர்களே தாம் தேடிவந்த மந்தையென அறிந்துகொண்டார். ஆணை பிறப்பித்து மக்களைத் தம்மிடம் அழைத்த தலைவரல்லர் அவர். வாசலில் நின்று, அவர்கள் தம்மை ஏற்கும்வரை காத்திருந்த தலைவர்.

கத்தோலிக்கர் மிகுந்து வாழ்ந்த சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. பகலில் மறைந்திருந்து, இரவில் பூசை நிறைவேற்றி, விடியுமுன் அடுத்த ஊருக்கு நடப்பது அவர் வழக்கம். குருவொருவர் நாட்டில் உலாவுகிறார் என்ற செய்தி ஒல்லாந்த அதிகாரிகளுக்கு எட்டியதும் வேட்டை தொடங்கிற்று. மக்கள் பலர் சிறைப்பட்டனர். அவரைக் காட்டிக் கொடுக்க மறுத்துத் துன்புற்றனர். மேய்ப்பர் மந்தையைக் காத்தார் என்பது வழக்கு. இங்கே மந்தையும் மேய்ப்பரைக் காத்தது.

இந்நிலையில் ஒரு குரு நாடு முழுவதையும் எவ்வாறு பேணுவது? அவர் கண்ட வழி மக்களிடமே பொறுப்பை ஒப்படைப்பதாகும். மூப்பரும் அண்ணாவியாரும் ஊர்தோறும் நின்று ஞாயிறு செபத்தை நடத்தினர். பிள்ளைகளுக்கு மறையறிவு புகட்டினர். அவசர வேளையில் ஞானஸ்நானம் கொடுத்தனர். சாகுந்தறுவாயில் இருப்போருக்குத் துணைநின்றனர். குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும், வாராதொழிந்தாலும், திருச்சபை அவ்வூரில் உயிரோடிருக்கும். இம்முறை அவருக்குப் பின்வந்த ஒரத்தோரியன் குருமார் காலத்திலும் நிலைத்தது. கோயிலே இல்லாத காலத்திற் கோயிற்பற்றுக்கள் பிழைத்த மருமம் இதுவே.

யாழ்ப்பாணத்தில் நெருக்கடி முற்றவே, 1690 அளவிற் புத்தளம் சென்று, 1692இற் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றரென ஐயுற்று அவரை அங்கே சிறைவைத்தனர். நாளடைவில் அவருடைய எளிய வாழ்வு இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் ஐயத்தை நீக்கிற்று. நாடு வறட்சியால் வாடிய வேளையில் அவர் மன்றாட மழை பொழிந்தது என மரபு கூறும். பௌத்த மன்னனின் நிழலிலேயே கத்தோலிக்கக் குரு தம் பணியைச் செய்யலானார்.

1697இற் கண்டியில் வைசூரி பரவியது. நோயுற்றோரைச் சுற்றத்தாரே கைவிட்டு ஓடினர். வாஸ் முனிவரும், புதிதாக வந்து சேர்ந்திருந்த யோசேவ் கார்வாலோ சுவாமியாரும் அவர்களுக்குக் கொட்டில் அமைத்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். இன்ன மதத்தவர் என்று அவர்கள் கேட்கவில்லை. நூறு பிரசங்கங்கள் பெற்றுத்தராத நன்மதிப்பை அக்கைகள் பெற்றுத் தந்தன. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். அவருடைய புலமைக்கும் முனிவரின் நடைப்பயணங்களே நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தன.

தம்மை ஆயராக்கப் பாப்பரசரின் தூதர் எண்ணியபோது முனிவர் அதனை மறுத்தார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் உயிர்நீத்தார். அவர் உடல் புதைக்கப்பட்ட இடம் இன்று எவருக்கும் தெரியாது. 1995இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் அவருக்கு முத்திப்பேறும், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பிரான்சிஸ் பாப்பரசர் புனிதர் பட்டமும் கொழும்பிலே வழங்கினர்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க அல்லைப்பிட்டி இடந்தராது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள், போருக்கு அஞ்சிப் பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து, பலர் மாண்டனர். எஞ்சியோரை ஊர்காவற்றுறைக்கு அழைத்துச் செல்ல முன்னின்றவர் பங்குத்தந்தை ஜிம் பிறவுண். ஒரு வாரத்துக்குப் பின், ஆகஸ்ட் 20ஆம் நாள், அவரும் உடன்சென்ற உதவியாளரும் காணாமற்போயினர். அவர்களும் திரும்பவில்லை, விடையும் கிடைக்கவில்லை.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. எனினும் கேள்வி ஒன்றே: இடர் வரும்போது குரு எங்கே நிற்கிறார்? பட்டத்தாலும் பீடத்தாலும் ஒருவர் அதிகாரம் பெறலாம். மக்களின் நெஞ்சில் இடம் பெறுவதற்கு அவர்தம் இன்னலின் நடுவே நின்றாக வேண்டும். வாஸ் முனிவர் அவ்வாறு நின்றார். அதனாற்றான் கல்லறை அறியப்படாத அவரை, ஊர்தோறும் மக்கள் அறிந்திருக்கின்றனர்.