ஜீப்பை நம் நாட்டுக்குக் கொண்டுவந்த கே.சி. மகிந்திரா
(இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன்)



விடியற்காலை நேரத்தில் எங்க போடிநாயக்கனூருக்கு வந்து பார்த்திருக்கிறீர்களா? ஊர் இன்னும் கண் விழித்திருக்காது. ஆனால் தெருமுனைகளில் ஜீப்புகள் உறுமிக்கொண்டு நிற்கும். தூக்குவாளியும் தலையில் கட்டிய துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போதுதான் திரும்புவார்கள். அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் ஒருவர். ஜீப்பை ஓட்டுவது என் அண்ணன். எங்க வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஜீப்பாலும், மலையில் விளையும் ஏலக்காயாலும்தான்.

இந்த ஜீப் நம் நாட்டுக்கு எப்படி வந்தது? யார் கொண்டுவந்தார்கள்? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டவர் எங்க தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு மாமா. அவருக்குப் பழைய மிலிட்டரி ஜீப் என்றால் உயிர். ஒரு தோட்டத்துக் கொட்டகையில் பல வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த டிஸ்போசல் ஜீப் ஒன்று, எடைக்குப் போக இருந்தது. மாமா அதே விலையைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டார். அத்தை ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை!

அந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். பேட்டரி ஆறு வோல்ட். முன்கண்ணாடியை மடக்கிப் பானட் மேல் படுக்க வைக்கலாம். பக்கவாட்டில் மண்வெட்டியும் கோடாலியும் மாட்டுவதற்கு இடம் இருக்கிறது. மாமா ஒரு போல்ட்டைத் துடைத்து, தலையைப் பார்க்கச் சொன்னார். அதில் ஆங்கில எஃப் எழுத்து பொறித்திருந்தது. ஃபோர்டு கம்பெனியில் செய்த பாகம் என்பதற்கு அதுதான் அடையாளமாம். ஆனால் இன்ஜினோ வில்லிஸ் கம்பெனியுடையது. எப்படி ஒன்றாகப் பொருந்தியது என்று கேட்டேன். வகுப்பில் படிக்கிறாயே, நீயே கண்டுபிடி என்று சிரித்தார். தேடினேன். அப்படித்தான் கே.சி. மகிந்திராவின் வாழ்க்கையும் என் கைக்கு வந்தது.

போர்க்களத்தில் பிறந்த வண்டி

1940-ல் அமெரிக்க ராணுவம், நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு வெறும் 49 நாட்கள்! பான்டம் என்ற சிறிய கம்பெனி துணிந்து ஒப்புக்கொண்டது. அவர்களுக்காக கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இன்ஜினீயர் இரண்டு நாளில் வரைபடம் போட்டார். நாம் ஒரு டிராயிங் ஷீட்டை முடிக்க எத்தனை நாள் இழுக்கிறோம், யோசித்துப் பாருங்கள்! செப்டம்பர் 23 அன்று, கெடு முடியும் தறுவாயில், வண்டி ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தது.

ஆனால் பெரிய ஆர்டர் பான்டத்துக்குக் கிடைக்கவில்லை. வில்லிஸும் ஃபோர்டும்தான் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. வில்லிஸின் தலைமை இன்ஜினீயர் பார்னி ரூஸ் மெருகேற்றிய நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன் இன்ஜின்தான் அதன் இதயம். இரண்டு கம்பெனியும் ஒரே வரைபடத்தை வைத்து, ஒரே அளவில் பாகங்களைச் செய்தன. போர்முனையில் ஒன்றின் பாகத்தைக் கழற்றி மற்றொன்றில் மாட்ட முடிந்தது. மெட்ராலஜியில் லிமிட்ஸ், ஃபிட்ஸ் என்று மனப்பாடம் செய்கிறோமே, அதன் அர்த்தம் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் அந்த போல்ட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அண்ணன் படிக்க வைத்த தம்பி

கைலாஷ் சந்திர மகிந்திரா 1894-ல் பஞ்சாபின் லூதியானாவில் பிறந்தார். வீட்டில் மொத்தம் ஒன்பது பிள்ளைகள். தகப்பனார் சீக்கிரமே காலமாகிவிட்டார். மூத்தவர் ஜகதீஷ் சந்திரா, அதாவது ஜே.சி. மகிந்திரா, குடும்ப பாரத்தைத் தோளில் ஏற்றுக்கொண்டார். படிப்பு ஒன்றுதான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தார். கைலாஷைக் கடல் கடந்து கேம்பிரிட்ஜுக்கே அனுப்பி வைத்தார்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றவர். நான் பாலிடெக்னிக் வாசலை மிதிக்க வேண்டும் என்பதற்காக ஸ்டியரிங்கைப் பிடித்தவர். எங்க குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பெரிய மனிதர்களின் வரலாற்றிலும் இப்படி ஒரு அண்ணன் இருந்திருக்கிறார் என்று தெரிந்ததும், கண்ணில் நீர் முட்டியது.

கேம்பிரிட்ஜ் முடித்து வந்த கே.சி., மார்ட்டின் கம்பெனியில் வேலை பார்த்தார். எழுத்திலும் நாட்டம் உள்ளவர். வங்கத்துத் தொழிலதிபர் சர் ராஜேந்திரநாத் முகர்ஜியின் வாழ்க்கையை நூலாக எழுதினார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ல், இந்தியாவுக்கு வேண்டிய பொருட்களை வாங்கும் குழுவின் தலைவராக அமெரிக்காவுக்குப் போனார்.

அங்கேதான் ஜீப்பைப் பார்த்தார். பார்னி ரூஸையும் அவர் சந்தித்ததாகக் கம்பெனி வரலாறு சொல்கிறது. எல்லோரும் அதைப் போர் வண்டியாகப் பார்த்தபோது, கே.சி.க்கு நம் நாட்டின் மண் ரோடும் மேடு பள்ளமும் கண்ணில் தெரிந்தன. போர் முடிந்தால் இந்த வண்டிக்கு வேலை போய்விடாது, இந்தியாவின் கிராமமும் மலையும் இதற்காகவே காத்திருக்கின்றன என்று கணக்குப் போட்டார். அவர் இன்ஜினீயர் இல்லை. இருந்தாலும் எந்த இயந்திரம் எந்த மண்ணுக்குப் பொருந்தும் என்று பார்க்கத் தெரிந்தவர். அதுவும் ஒரு பெரிய இன்ஜினீயரிங்தானே!

மூன்று பேர் தொடங்கிய கம்பெனி

1945 அக்டோபர் 2. மகிந்திரா சகோதரர்கள் இருவரும் மாலிக் குலாம் முகமது என்ற நண்பரோடு சேர்ந்து மகிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் இரும்பு வணிகக் கம்பெனி தொடங்கினார்கள். 1947-ல் நாடு இரண்டானது. குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய், அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். பின்னாளில் கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்தார். பங்குதாரர் போனதால் 1948-ல் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா என்று மாறியது. நாட்டுப் பிரிவினை ஒரு கம்பெனியின் பெயர்ப்பலகையிலும் கோடு போட்டுவிட்டது பாருங்கள்!

அண்ணன் தம்பி இருவரும் துவளவில்லை. வில்லிஸ் கம்பெனியுடன் பேசி, பாகம் பாகமாக ஜீப்பை வரவழைத்து, பம்பாய் மஸகானில் வைத்துப் பூட்டத் தொடங்கினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாகங்களை இங்கேயே செய்யவும் ஆரம்பித்தார்கள். நம் மலையில் நாம் பார்த்து வளர்ந்த உயரப் பானட் ஜீப் எல்லாம் அந்த வழியில் வந்த பிள்ளைகள்தான். பின்னாளில் பெஜோ டீசல் இன்ஜின் ஏறியதும் அது ஏழைகளின் வண்டியாகிவிட்டது.

இடையில் 1946-ல் நிலக்கரி வயல்களை ஆராய்ந்த அரசுக் குழுவுக்கும் கே.சி. தலைமை தாங்கினார். 1951-ல் அண்ணன் ஜே.சி. காலமானார். அதன்பின் கம்பெனியைத் தலைவராக இருந்து நடத்திய கே.சி., 1963-ல் கண் மூடினார். அவர் மகன் கேசுப் மகிந்திரா அடுத்து அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

அவர் விட்டுச் சென்றது

தோழர்களே, இதைக் கவனமாகப் படியுங்கள். 1953-ல் கே.சி. தம் பெயரில் ஒரு கல்வி அறக்கட்டளை தொடங்கினார். அண்ணன் தன்னைப் படிக்க வைத்த கடனை ஊர்ப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கட்டியதாகவே எனக்குத் தோன்றுகிறது. அந்த அறக்கட்டளை 1995-ல் ஓர் உதவித்தொகைத் திட்டத்தை ஏற்படுத்தியது. யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படிக்க வரும் வசதியில்லாத மாணவ மாணவியருக்கு!

நான் சேர்ந்தபோது இது எனக்குத் தெரியாது. சொல்ல எங்க வீட்டில் ஆள் இல்லை. அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது, இன்னும் மீளவில்லை. உங்க தெருவில் பத்தாவது முடிக்கும் தம்பியோ தங்கையோ இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள். ஒரு கம்மலாவது மிஞ்சட்டும்.

மாமாவின் ஜீப் இன்னும் ஓடவில்லை. முன் கிரவுன் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார். ஒர்க்‌ஷாப் சுவரில் பழைய ஜெர்ரி கேன், நம்பர் பொறித்த தகடு, ஹெட்லைட் வளையம் எல்லாம் வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் நான் துரு தேய்க்கிறேன். பழைய இரும்புக்கு ஏன் இந்தப் பாடு என்று அண்ணன் முதலில் கேலி செய்தார். அண்ணன் ஜே.சி.யின் கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு ட்ரிப் முடிந்து வந்து, அவரும் ஒரு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்த வண்டி என்றைக்காவது கிளம்பும். கிளம்பும் அன்று போடிமெட்டு வரை முதல் ட்ரிப், அண்ணன் ஓட்ட, அம்மா முன் சீட்டில்!