மைக்குக்கு அந்தப் பக்கம் யார்?

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி குழுவினர் கேட்டார்கள். இன்ஜினீயர் ஆயிற்றே, விசுவேசுவரய்யாவைப் பற்றி எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஜார்ஜ் ஆர்வெல். காரணம் இருக்கிறது. ஃபைனல் இயர் வந்துவிட்டால் நம் எல்லோருக்கும் ஒரே கனவுதான்: பெரிய பெயருள்ள கம்பெனி. அப்படிப்பட்ட ஓர் இடத்தில் உத்தியோகம் எப்படி இருக்கும் என்பதற்கு ஆர்வெலின் பி.பி.சி. நாட்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இயற்பெயர் எரிக் பிளேர். பிறந்தது நம் நாட்டில், பீகாரில் உள்ள மோதிஹாரியில், 1903 ஜூன் 25 அன்று. தகப்பனார் அரசாங்கத்தின் அபினி இலாகாவில் அதிகாரி. பையன் குழந்தையாகவே இங்கிலாந்து போய், ஈட்டன் பள்ளியில் படித்து, 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தான். ஏகாதிபத்தியம் என்பது என்னவென்று உள்ளேயிருந்து பார்த்து, வெறுத்து, வேலையை உதறிவிட்டு எழுத வந்தவர். 1937-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தொண்டையில் குண்டு பாய்ந்தது. உயிர் தப்பினார், குரல் கெட்டது.

உலகப் போர் வந்தபோது ராணுவத்தில் சேர முயன்றார். நுரையீரல் சரியில்லை என்று எடுத்துக்கொள்ளவில்லை. 1941 ஆகஸ்டில் பி.பி.சி. அழைத்தது. கீழ்த்திசைச் சேவையில், இந்தியாவுக்கான உரைகளைத் தயாரிக்கும் வேலை. வருடச் சம்பளம் 640 பவுன். எழுத்தை நம்பி அரைவயிற்றோடு இருந்தவருக்கு இது சாதாரணத் தொகையா?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவை விட்டு வெளியேற வேண்டும் என்று நினைத்தவர், பிரிட்டிஷ் வானொலியிலிருந்து இந்தியர்களிடம் பேச வேண்டும். ஹிட்லர் ஜெயித்தால் இதைவிட மோசம் என்ற ஒரே கணக்கில்தான் சம்மதித்தார்.

வேலை எப்படி இருந்தது? நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சகாக்கள் அருமையானவர்கள். இந்தியப் பிரிவின் தலைவர் இசட். ஏ. புகாரி. முல்க்ராஜ் ஆனந்த் அடிக்கடி பேச வருவார். டி. எஸ். எலியட், ஈ. எம். ஃபார்ஸ்டர் போன்றவர்களை மைக் முன் உட்கார வைக்க முடிந்தது. நம் பல்கலைக்கழகப் பாடங்களை ஒட்டி இலக்கியம், விஞ்ஞானம் என்று தொடர் உரைகள் போட்டார். வாராவாரம் போர்ச் செய்திகளை அலசி எழுதினார். அவர் எழுதித் தந்த செய்திமடல்கள் தமிழிலும் மொழிபெயர்த்து ஒலிபரப்பாயின. பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம்தான் தொடங்கியிருந்தது. நம் தாத்தாக்களில் யாராவது ஆர்வெலை ஆர்வெல் என்று தெரியாமலே கேட்டிருக்கலாம்!

இனி மறுபக்கம். 1942-ல் ஆபீஸ் 200, ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்கு மாறியது. பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றைத் தடுப்பு வைத்து அறைகளாக்கியிருந்தார்கள். பக்கத்து அறையில் டைப் அடிப்பதும், பேசுவதும், ஒத்திகை பார்ப்பதும் எல்லாம் காதில் விழும். ஓயாத மீட்டிங், மெமோ. ஒவ்வோர் உரையும் முன்கூட்டியே தணிக்கையாகும். ஒலிபரப்பின்போதும் ஒருவர் ஸ்விட்சில் கைவைத்தபடி உட்கார்ந்திருப்பார். எழுதியதைத் தாண்டி ஒரு வார்த்தை வந்தால் கட்! ஆர்வெலின் குரல் மைக்குக்கு லாயக்கில்லை என்று மேலதிகாரி ஒருவர் குறிப்பும் எழுதினார்.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. இன்ஜினீயர் பாஷையில் சொன்னால், அவர் வேலையில் ஃபீட்பேக் இல்லை. லண்டனிலிருந்து கிளம்பும் ஷார்ட் வேவ் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி இந்தியா வந்து சேரும். வந்ததைக் கேட்க ஆள் உண்டா? ரேடியோ வைத்திருந்த வீடுகள் வெகு சொற்பம். மாணவர்களுக்கென்று உரை தயாரித்தார். எத்தனை மாணவரிடம் ரேடியோ இருந்தது? போதாக்குறைக்கு 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம். காந்தியும் நேருவும் சிறையில் இருக்கும்போது வெள்ளைக்கார வானொலி சொல்வதை யார் நம்புவார்? பி.பி.சி.யே ஆள் அனுப்பி விசாரித்தது. கேட்பவர்கள் மிகக் குறைவு என்றுதான் அறிக்கை வந்தது.

1943 செப்டம்பரில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். தன் நேரமும் பொதுப் பணமும் பலனில்லாத வேலையில் வீணாகின்றன என்பதே அதன் சாரம். அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதினார். தன்னை நன்றாகவே நடத்தினார்கள், தான் ஒப்புக்கொள்ளாத எதையும் சொல்லும்படி வற்புறுத்தவில்லை என்று. கோபத்தில் வேலையை விடுகிறவர் இப்படி எழுத மாட்டார். இந்த நேர்மைதான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

நவம்பரில் வெளியே வந்தார். 'ட்ரிப்யூன்' வாரப் பத்திரிகையில் இலக்கிய ஆசிரியர் வேலை. கூடவே, உடனேயே 'விலங்குப் பண்ணை'யை எழுத ஆரம்பித்து மூன்று நான்கு மாதத்தில் முடித்துவிட்டார். எழுதியதை அன்றன்றைக்கு இரவில் மனைவிக்குப் படித்துக் காட்டுவாராம். காதால் கேட்டுப் புரிகிற அந்த எளிய நடைக்கு பி.பி.சி.யில் எழுதிய இரண்டு வருடமும் ஒரு பயிற்சி என்பது என் ஊகம். பதிப்பாளர்கள் பலர் கைவிரித்தார்கள். ஃபேபர் நிறுவனத்தின் சார்பில் மறுத்துக் கடிதம் எழுதியவர் யார் தெரியுமா? இவர் மைக் முன் உட்கார வைத்த அதே எலியட்! புத்தகம் 1945 ஆகஸ்டில் வந்தது. '1984' நாவல் 1949 ஜூனில் வந்தது. 1950 ஜனவரி 21 அன்று காசநோயால் இறந்தார். வயது 46.

இரண்டு வருடம் வானொலியில் வேலை பார்த்த மனிதரின் குரல் ஒரு பதிவில்கூட இன்று மிஞ்சவில்லை. 2017-ல் பி.பி.சி. தலைமையகத்தின் வாசலில் சிலை மட்டும் வைத்தார்கள்.

பெரிய கம்பெனிக்குப் போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, தம்பி தங்கைகளே. தாராளமாகப் போங்கள். நல்ல சம்பளம், நல்ல சகாக்கள், நல்ல பயிற்சி எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் நீங்கள் செய்வது யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதை வருடத்துக்கு ஒரு முறையாவது விசாரித்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அந்தக் கேள்வியை நாம்தான் கேட்டாக வேண்டும்.