முத்துக்கரையும் மூன்று நாள் சிறையும்

பிராந்தி என்னும் பெயர், 'காய்ச்சிய ஒயின்' எனப் பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. தூத்துக்குடியை 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றியவர்களும் டச்சுக்காரர்களே. ஆனால், காய்ச்சி வடித்த மது இக்கரைக்கு அவர்களோடு வந்ததன்று. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு சாராயம் புழங்கியதற்கு, அதைத் தடுக்க முயன்ற ஒருவரின் கடிதமே சான்று. அவர் புனித பிரான்சிஸ் சவேரியார்.

திராட்சை விளையும் ஸ்பெயினின் நவாரா பகுதியில், கோட்டை ஒன்றில் 1506இல் பிறந்தவர் அவர். பாரிஸில் பயின்று, இக்னேஷியஸ் லயோலாவின் தோழராகி, இயேசு சபையைத் தோற்றுவித்தோரில் ஒருவரானார். 1542 மே மாதம் கோவாவில் இறங்கியவர், அவ்வாண்டின் இறுதிக்குள் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இங்குள்ள பரதவர்கள் 1530களிலேயே கிறிஸ்தவத்தைத் தழுவியிருந்தனர். ஆயினும், அவர்கள் மொழியில் கற்பிக்க எவருமில்லை. தமிழறியாத சவேரியார், தமிழறிந்தோரின் துணையுடன் மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார்.

கள்ளுக்கும் பிராந்திக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. பிராந்தி ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிர்ந்து மதிப்பேறும். கள்ளோ ஒரு நாள் தாண்டினால் புளித்துக் கெடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிடில் கள், அதைக் காய்ச்சி வடித்தால் சாராயம். முதிர்ச்சிக்குக் காத்திராத, உழைப்பாளியின் மது அது. பனை பாளை விடும் பருவமும் முத்துக்குளிப்பின் பருவமும் ஏறத்தாழ ஒன்றே.

1544இல் சவேரியார் தம் உதவியாளர் மான்சில்லாசுக்கு ஒரு கட்டளை அனுப்பினார். சாராயம் குடிக்கும் பெண்களை மூன்று நாள் சிறையில் வைக்க வேண்டும். அதை ஊர்தோறும் பறைசாற்ற வேண்டும். புன்னைக்காயலில் மீண்டும் குடி நடந்தால் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் ஏன் குடித்தார்கள் என்பதற்கு அவர்கள் தரப்பிலிருந்து ஒரு வரிகூட எஞ்சவில்லை. இது அவர் வாழ்வின் கடுமையான பக்கம், மறைக்க வேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. அதே ஆண்டு வடுகப் படைகள் குமரிக் கரையைச் சூறையாடியபோது, கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியால் வாடிய மக்களுக்காக இருபது தோணிகளில் உணவேற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று மறித்ததும் தரைவழியே நடந்து சென்றார். இக்கரை மக்கள் போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென ஆண்டுதோறும் 400 பொற்காசு செலுத்தி வந்தனர். அதனை இங்குள்ள சிறார்களின் கல்விக்கே விட்டுத்தர வேண்டும் என அரசியிடம் கேட்டார். அதிகாரிகளின் பேராசையை மன்னருக்கே எழுதிக் கண்டித்தார். பின்னர் மலாக்கா, ஜப்பான் எனப் பயணித்தவர், சீனத்துள் நுழையக் காத்திருந்த சாங்சுவான் தீவில் 1552 டிசம்பர் 3 அன்று காலமானார். அவரது உடல் இன்று கோவாவில் உள்ளது.

சாராயத்துக்காகச் சிறை விதித்த அவர், அந்தச் சாராயத்தால் ஒரு காசும் ஈட்டவில்லை. இன்றைய நிலை வேறு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவது குற்றம். 2003 முதல் பிராந்தியைச் சில்லறையில் விற்பது அரசு நிறுவனம். தேரி மணலில் நிற்கும் பனையின் கள்ளுக்கு வழக்கு. ஆலைப் புட்டிக்கு அரசின் கடை. கள்ளை அனுமதிப்பதா, மதுவையே ஒழிப்பதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், குடிப்பவரைத் தண்டிக்கும் கையும் குடியால் வருவாய் ஈட்டும் கையும் ஒன்றாக இருக்கலாகாது என்பதில் இரு தரப்பும் உடன்படலாம்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் புன்னைக்காயல் பெண்களிடம் எவரும் காரணம் கேட்கவில்லை. இன்று குடியால் குலையும் வீடுகளின் பெண்களிடமாவது கேட்டுவிட்டுச் சட்டம் எழுதுவதே, அக்கடிதத்திலிருந்து நாம் கற்கக்கூடிய பாடம்.