ஒய்கன் புளொய்லர்

ஒய்கன் புளொய்லர் (ஏப்ரல் 30, 1857 - ஜூலை 15, 1939) சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த உளநோய் மருத்துவர் ஆவார். ஸ்கிட்சோஃப்ரினியா (மனச்சிதைவு) என்னும் சொல்லை உருவாக்கியவர் இவரே. ஆட்டிசம், இருமனநிலை ஆகிய கருத்துக்களும் இவரிடமிருந்தே உளமருத்துவத்திற்கு வந்தன. இன்று ஸ்கிட்சோடைப்பல் ஆளுமைக் கோளாறு என அறியப்படும் நிலையின் வேர் இவர் விவரித்த மறைநிலை மனச்சிதைவில் உள்ளது.

வாழ்க்கை

சூரிச் நகருக்கு அருகிலுள்ள சொல்லிக்கோன் என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் சூரிச்சின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையை நடத்திய செர்மானியப் பேராசிரியர்களுக்கு நாட்டுப்புற நோயாளிகளின் வட்டார வழக்கு புரிவதில்லை என்ற மனக்குறை அப்பகுதி மக்களிடம் இருந்தது. புளொய்லர் அம்மக்களுள் ஒருவர். அவர்களது பேச்சுமொழியே இவரது தாய்மொழி. இவருடைய தமக்கையும் கடுமையான உளநோய்க்கு ஆளாகியிருந்தார். பிற்காலத்தில் அவரைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பராமரித்தார்.

சூரிச்சில் மருத்துவம் பயின்றபின், 1886இல் ரைனாவ் மருத்துவமனையின் இயக்குநரானார். ரைன் ஆற்றுத் தீவில் இருந்த பழைய துறவிமடமே அம்மருத்துவமனை. அங்கு 12 ஆண்டுகள் நோயாளிகளுடனேயே வாழ்ந்து, அவர்களுடன் வேலை செய்தும் உரையாடியும் பொழுதைக் கழித்தார். நூலகத்தை விட இந்த ஆண்டுகளே இவரது கோட்பாட்டிற்கு அதிகம் உதவின எனலாம். 1898 முதல் 1927 வரை புர்க்ஹோல்ஸ்லியின் இயக்குநராக இருந்தார். கார்ல் யுங் இவரிடம் உதவியாளராகப் பணியாற்றினார். சிக்மண்ட் பிராய்டின் கருத்துக்களை வரவேற்ற முதல் உளமருத்துவப் பேராசிரியர்களுள் இவரும் ஒருவர். எனினும் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் கட்டுப்பாடுகளை ஏற்காமல் 1911இல் அதிலிருந்து விலகினார்.

மனச்சிதைவுக் கோட்பாடு

செர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பெலின் இந்நோயை இளமையில் தோன்றும் அறிவுத் தேய்வு எனக் கருதினார். அது எப்போதும் இளமையில் தொடங்குவதில்லை, எப்போதும் அறிவுத் தேய்வில் முடிவதுமில்லை என்று புளொய்லர் கண்டார். ஆகவே 1908ஆம் ஆண்டு பெர்லினில் ஆற்றிய உரையில், பிளவு, மனம் ஆகிய பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்துப் புதிய பெயரை முன்வைத்தார். 1911இல் விரிவான நூலை வெளியிட்டார். இங்கு பிளவு என்பது ஒருவருக்குள் இரண்டு ஆளுமைகள் இருப்பதைக் குறிப்பதன்று. எண்ணம், உணர்ச்சி, விருப்பம் ஆகியவற்றின் இணைப்பு தளர்வதையே குறிக்கும். பொதுவழக்கில் இவ்விரண்டும் இன்றும் குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

காதில் குரல் கேட்பதும் பொய்யான நம்பிக்கைகளும் இந்நோயின் துணை அறிகுறிகள் மட்டுமே என்பது இவரது துணிவு. எண்ணத் தொடர்பு அறுதல், உணர்ச்சிப் பொருத்தமின்மை, இருமனநிலை, தன்னுள் ஒடுங்குதல் ஆகியவையே அடிப்படை அறிகுறிகள் என்றார். இதிலிருந்து ஒரு விளைவு தானாகவே பின்தொடர்கிறது. குரல் எதுவும் கேளாத ஒருவரிடமும் அடிப்படை அறிகுறிகள் மெல்லிய அளவில் இருக்கலாம். இதனையே மறைநிலை மனச்சிதைவு என்றார். அதுவே மிகப் பரவலான வகை என்றும், அவர்கள் மருத்துவரிடம் வருவது அரிது என்றும் கருதினார்.

நோய்க்கும் இயல்புக்கும் இடையிலான கோடு இதனால் மங்கியது. அதன் பயன் பெரிது, கேடும் பெரிது. சோவியத் ஒன்றியத்தில் இதையொத்த மந்தகதி மனச்சிதைவு என்ற நோய்ப்பெயரின் கீழ் அரசை எதிர்த்தோர் பலர் மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டனர். இதன் தொடர்பான கண்டனங்களால் 1983இல் சோவியத் உளமருத்துவ அமைப்பு உலகச் சங்கத்திலிருந்து விலகியது. புளொய்லர் இதற்குப் பொறுப்பல்லர். ஆனால் கடும் நோயாளிகளுக்குக் கருத்தடை செய்வதை அவரே ஆதரித்தார் என்பதை மறைப்பதற்கில்லை.

ஸ்கிட்சோடைப்பல் ஆளுமைக் கோளாறு

அங்கேரியில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் சான்டோர் ராடோ 1953இல் ஸ்கிட்சோடைப் என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். ஆயினும் வலுவான சான்று டென்மார்க்கிலிருந்து வந்தது. தத்துக் கொடுக்கப்பட்டு, பின்னர் மனச்சிதைவுக்கு ஆளானோரின் குடும்பங்களைச் சேமூர் கெட்டியும் அவரது குழுவினரும் ஆராய்ந்து, 1968இல் முடிவுகளை வெளியிட்டனர். வளர்த்த உறவினரைவிட இரத்த உறவினரிடையே இந்நோயும் அதன் மெல்லிய வடிவங்களும் மிகுதியாக இருந்தன. புளொய்லர் மருத்துவமனையில் கண்டதற்கு மரபியல் ஆதாரம் கிடைத்தது. அம்மெல்லிய வடிவங்களின் விவரங்களிலிருந்து ராபர்ட் ஸ்பிட்சர் வரையறையை வகுத்தார். 1980இல் அமெரிக்க நோய் வகைப்பாட்டில் ஸ்கிட்சோடைப்பல் ஆளுமைக் கோளாறு இடம்பெற்றது.

இந்நிலையில் உள்ளோரிடம் விந்தையான நம்பிக்கைகள், சுற்றிவளைத்த பேச்சு, ஐயப்பாடு, நெருங்கிய நண்பர் இன்மை, பழகிய பின்னும் குறையாத கூச்சம் முதலியன காணப்படும். கண்ணேறு போன்று ஒரு சமூகம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கைகள் இதில் சேரா. மனச்சிதைவைப் போல நீடித்த மாயக்காட்சிகளோ குரல்களோ இராது. சிறுபகுதியினருக்கே பின்னர் மனச்சிதைவு ஏற்படுகிறது. பெரும்பாலோர் அந்நிலையை அடைவதில்லை.

இதனை எங்கே வைப்பது என்பதில் வகைப்பாடுகள் ஒன்றுபடவில்லை. உலக சுகாதார அமைப்பு இதனை மனச்சிதைவுப் பிரிவில் சேர்க்கிறது. அமெரிக்க வகைப்பாடு ஆளுமைக் கோளாறாக விவரிக்கிறது. எனினும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மனச்சிதைவு இயலிலும் இதன் பெயரைப் பட்டியலிட்டது.